மாவுக்கட்டு போட்ட குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

குழந்தைகளின் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். மணிக்கட்டுக்கு மேலே லேசாக நசுங்கியிருந்தால் சுமார் 3 வாரம், முன்கையின் இரண்டு எலும்புமே உடைந்திருந்தால் சுமார் 6 வாரம். வீட்டில் பயப்பட வேண்டியது எலும்பைப் பற்றி அல்ல, கட்டுக்குள் இருக்கும் சதையையும் தோலையும் பற்றித்தான்.

முதல் 48 மணி நேரம் வீக்கம் ஏறும். அடிபட்ட கையையோ காலையோ தலையணைகளின் மேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். விழித்திருக்கும்போது விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். சதை வீங்கும், கட்டு விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். முழங்கைக்குச் சற்று மேலே உடைந்தவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் நிறம் நன்றாக இருக்கிறதே என்று மட்டும் நிம்மதியடையாதீர்கள், அது மாறும்போது நேரம் கடந்திருக்கலாம். மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போவது, விரலை நீங்கள் மெல்ல நீட்டினாலே அலறுவது, விரல் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு அடங்காத அழுகைதான் அறிகுறி.

வலிக்குப் பாராசிட்டமால்: ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்பின் அடர்த்தி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் பார்த்து அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் கூடாது.

மாவுக்கட்டு தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே காய 2, 3 நாள் ஆகும். அதுவரை உள்ளங்கையால் தாங்கித் தூக்குங்கள். விரல் பதிந்த பள்ளம் அப்படியே இறுகி, அடியில் புண்ணாக்கும். அரிப்புக்குக் குச்சி, ஊசி விடக் கூடாது. ஹேர் டிரையரின் குளிர்காற்று போதும்.

இடுப்பு விலகலுக்கு, அதாவது தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியைவிட்டு விலகியிருப்பதற்குப் போடும் கட்டுதான் பெற்றோரை உண்மையில் சோதிக்கும். மார்புக்குக் கீழே தொடங்கிக் கால்வரை போகும், பெரும்பாலும் 12 வாரம்வரை இருக்கும், நடுவில் ஒருமுறை மாற்றுவார்கள். சிறிய டயப்பர் ஒன்றைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, மேலே பெரிய டயப்பரைக் கட்டுங்கள். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இரவிலும் எழுந்து பாருங்கள். தலைப்பக்கம் சற்று உயரமாக இருந்தால் சிறுநீர் முதுகுப்பக்கம் ஏறாது. பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகிப் புண்ணாக்கும். பகலில் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். கால்களுக்கு நடுவே உள்ள குறுக்குக் கம்பு தூக்குவதற்கான பிடியல்ல, உடைந்துவிடும். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். வயிறு உப்பி வாந்தி தொடர்ந்தால், கட்டு வயிற்றை நெருக்குகிறதா என்று உடனே காட்டுங்கள். துர்நாற்றம், காரணமில்லாத காய்ச்சல் இரண்டும் உள்ளே புண் இருப்பதைச் சொல்லலாம்.

கட்டைப் பிரித்ததும் தோல் உரியும், மூட்டு விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், சுரண்டாதீர்கள். முழங்கையை யாரும் இழுத்து மடக்கவோ அழுத்தி நீவவோ விடாதீர்கள். அப்படிச் செய்தால் விறைப்பு கூடும், சில சமயம் தசைக்குள் எலும்பே வளரும். குழந்தை தானாக விளையாடட்டும். இடுப்பு விலகியிருந்த குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றாதீர்கள். நன்றாக நடந்தாலும், வளரும் வயது முடியும்வரை மருத்துவர் சொல்லும்போதெல்லாம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.