பதினாறாம் நாளில் அம்மாவைப் பற்றிப் பேச

சிங்கப்பூர் ராணுவ வீரரின் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தவரைப் பற்றிய நினைவுப் பேச்சு, பல வீடுகளில் கணவரின் பதவி, பதக்கப் பட்டியலாகிவிடுகிறது. தாள்களில் கிடைப்பது கணவரின் விவரம்தானே. ஆகவே முதலில் பிள்ளைகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். கணவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன வாரங்களில் செலவை எப்படிச் சமாளித்தார்? மகன் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கிலிருந்து விடுப்பில் வந்தால் என்ன சமைத்தார்? சேறு படிந்த 'நம்பர் ஃபோர்' எனும் ராணுவக் களச் சீருடையை அவர் ஊறவைத்த வாளி ஒன்றே அவரைக் கண்முன் நிறுத்திவிடும்.

ஆண்டுகளைச் சரிபாருங்கள்: கட்டாய தேசிய சேவை (இளைஞர்களுக்கான ராணுவப் பணி) தொடங்கியது 1967, பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி வெளியேறியது 1971.

ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரித்தால் மேற்பரப்பு கிழியும். பக்கத்தோடு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள்.

பேச்சு 300 சொல்லுக்குள் இருக்கட்டும். பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கலங்கிய கண்ணுக்குச் சிறிய எழுத்து தெரியாது.