டேலி பிரைமில் கெடு தேதியும் தாமத வட்டியும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடனுக்குச் சரக்கு கொடுக்கும் பல கடைகளில் மேசையில் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் இருக்கும். ஆனாலும் "யார் எத்தனை நாளாகப் பாக்கி?" என்று கேட்டால் நோட்டைத்தான் புரட்டுவார்கள். நாள் எண்ணுகிற வேலையை டேலி நன்றாகவே செய்யும். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள், எந்தக் கணக்கில் என்பதை மட்டும் நாம் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

1. கேட்வே என்னும் முதல் திரையில் எஃப்11 அழுத்துங்கள். 'எனேபிள் பில்-வைஸ் என்ட்ரி', 'எனேபிள் இன்ட்ரஸ்ட் கால்குலேஷன்' இரண்டுக்கும் யெஸ் கொடுத்து கன்ட்ரோல்+ஏ. அவ்வளவுதான்.

2. அடுத்து பார்ட்டியின் (கடனுக்கு வாங்குபவர் அல்லது உங்களுக்குச் சரக்கு தருபவர்) லெட்ஜர், அதாவது அவர் பேரில் உள்ள கணக்கு. ஆல்டரில் (திருத்தும் திரையில்) திறந்து 'மெயின்டெயின் பேலன்ஸஸ் பில்-பை-பில்' என்பதை யெஸ் ஆக்குங்கள். கீழே 'டிஃபால்ட் கிரெடிட் பீரியட்' வரும். 30 நாள் தவணை என்றால் 30. எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள், பார்ட்டியிடம் பேசிய தவணை எதுவோ அதுதான் இங்கே வர வேண்டும். நீங்கள் சரக்கு வாங்கும் இடம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனம் என்றால் உங்கள் இஷ்டத்துக்குத் தவணை வைக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்.

3. இனி பில். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். புது வவுச்சரை (பில், ரசீது போன்ற பதிவு) திறந்ததும் டேலி இன்றைய தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளாது, கடைசியாகப் பதிவு செய்த தேதியிலேயே நிற்கும். நேற்றைய தேதியில் பில் போனால் கெடுவும் ஒரு நாள் முன்னால் வந்துவிடும், வட்டியும் ஒரு நாள் கூடிவிடும். அதனால் காலையில் கடை திறந்ததும் எஃப்2 அழுத்தித் தேதியை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். (வீட்டில் எஜுகேஷனல் மோடில், அதாவது லைசென்ஸ் இல்லாத பயிற்சி முறையில், பழகுபவர்களுக்கு மாதத்தின் 1, 2, 31 தேதிகள் மட்டுமே கிடைக்கும். உங்கள் டேலியில் கோளாறு எதுவும் இல்லை.)

பில்லை முடிக்கும்போது வரும் பில்-வைஸ் திரையில் 'நியூ ரெஃப்' தேர்ந்தெடுத்தால் லெட்ஜரில் போட்ட தவணை தானாக வந்து நிற்கும். 2025 ஜனவரி 31 பில்லுக்கு 30 நாள் என்றால் கெடு மார்ச் 2. "மாசக் கடைசி" என்று பார்ட்டியிடம் பேசியிருந்தால் நாள் கணக்கு சரிவராது. அந்த இடத்தில் நாள் எண்ணுக்குப் பதிலாகக் கெடு தேதியையே டைப் செய்துவிடுங்கள். பணம் வந்து ரசீது போடும்போது 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' கொடுத்து அந்த பில்லையே காட்டுங்கள். எந்த பில்லுக்கு என்று காட்டாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று விட்டால் பணம் வந்த பில்கூடப் பாக்கிப் பட்டியலில் நிற்கும்.

4. வட்டி. லெட்ஜரில் 'ஆக்டிவேட் இன்ட்ரஸ்ட் கால்குலேஷன்' யெஸ் கொடுத்தால் விகிதமும், அது எந்தக் காலத்துக்கு என்பதும் கேட்கும். '30-டே மந்த்', '365-டே இயர்', 'கேலண்டர் மந்த்', 'கேலண்டர் இயர்' என நான்கு வழி உண்டு. இங்கே நிதானம் தேவை. ₹50,000 பாக்கி, 20 நாள் தாமதம், வருஷத்துக்கு 18 சதவீதம் என்று வையுங்கள். '365-டே இயர்' கொடுத்தால் ₹493.15 வரும். அதே 18-ஐப் போட்டு '30-டே மந்த்' கொடுத்தால் டேலி அதை மாத வட்டியாக எடுத்துக்கொண்டு ₹6,000 காட்டும். மாதக் கணக்குதான் வேண்டுமென்றால் 1.5 என்று போடுங்கள், ₹500 வரும். கெடு முடிந்த பிறகுதான் வட்டி என்றால், பில் தேதிக்குப் பதிலாக டியூ டேட்டிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள்.

5. சரி, எங்கே பார்ப்பது? டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸ், ஸ்டேட்மென்ட்ஸ் ஆஃப் அக்கவுண்ட்ஸ் வழியாகப் போனால் அவுட்ஸ்டாண்டிங்ஸில் பாக்கியும், இன்ட்ரஸ்ட் கால்குலேஷனில் வட்டியும் இருக்கும். ரிசீவபிள்ஸ் பட்டியலில் எஃப்6 அழுத்தினால் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும். அப்புறம், வட்டி அறிக்கை தொகையைக் காட்டும், அவ்வளவுதான். பார்ட்டி கணக்கில் அதுவாக ஏறாது. வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தொகைக்கு டெபிட் நோட் (பார்ட்டி கணக்கில் பாக்கியைக் கூட்டும் பதிவு) போட வேண்டும்.