டோனாலிட்டி: ஐந்து கறுப்புக் கட்டையும் ஒரு பவானி ஜமுக்காளமும்

டோனாலிட்டி என்ற சொல் இசையிலும் வரும், ஓவியத்திலும் வரும். இசையில், எல்லா ஸ்வரமும் ஓர் ஆதார ஸ்வரத்தை நம்பி நிற்பது. ஓவியத்தில், படத்தின் வெளிச்சமும் இருட்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது. படித்தபோது விளங்கவில்லை, செய்து பார்த்ததும் பிடிபட்டது.

1. முதலில் காது. கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்த இடத்தில் முதலாவது, நாலரைக் கட்டை. சுருதியை, அதாவது பின்னால் விடாமல் ஒலிக்கும் ஆதார ஸ்வரத்தை, அதில் வைத்து, அங்கிருந்து கறுப்பை மட்டும் வரிசையாக வாசியுங்கள்: மோகன ராகம். இப்போது சுருதியை மட்டும் அடுத்த கறுப்பான ஐந்தரைக்கு ஏற்றி, அங்கிருந்து தொடங்குங்கள். அதே ஐந்து கட்டைகள் மத்யமாவதி! அதற்கும் அடுத்த ஆறரைக்கு ஏற்றினால் ஹிந்தோளம். இதைத்தான் கிரக பேதம் என்கிறோம்.

நான் ஒரு வாரம் திணறியது இங்கேதான். சுருதியை மாற்றிய கையோடு வாசித்தேன், காதில் பழைய சட்ஜமே (ஆதார ஸ்வரமான ‘ச’) நின்றது. எத்தனை முறை வாசித்தாலும் மோகனம்தான். மாற்றியதும் கையை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் புதிய சட்ஜத்தை முனகுங்கள். அப்புறம் அதில் தொடங்கி அதிலேயே வந்து நில்லுங்கள்.

சுருதிக்கு, அதை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டிதான் என் சிபாரிசு. போன் ஸ்பீக்கரில் கீழ் நாதம் சரியாகக் கேட்காது.

பின்சேர்க்கை: “ஏனுங்க, ஹிந்தோளம் மட்டும் காதைக் குத்துதுங்க” என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியில் சட்ஜத்தோடு பஞ்சமமும் (‘ப’) ஒலித்திருக்கும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, அதை மத்யமத்துக்கு (‘ம’) மாற்றுங்கள்.

2. அடுத்து கண். பவானி ஜமுக்காளத்தை விரித்து போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்குங்கள். எங்கள் வீட்டு ஜமுக்காளத்தில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஒரே சாம்பலாகிவிட்டன. நிறம் வேறு, டோன் (எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது) வேறு.

3. ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெள்ளை மேலும் மற்றதைக் கறுப்பு மேலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுத்துத் தெரியும். சுருதி மாறியதும் ராகம் மாறியதே, அதேதான்.

4. இனி வரையுங்கள். 6பி பென்சில் ஒன்று போதும். மூன்றே டோன்: தாளின் வெள்ளை, நடுத்தரம், கருமை. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் பிரித்துக்கொள்ளலாம். பேரூர்ப் பக்கமிருந்து மாலையில் வெள்ளியங்கிரியை வரைந்தேன். மலைதானே என்று அழுத்தித் தீட்டியதில், அது முன்னால் இருந்த தென்னைகளோடு ஒட்டிக்கொண்டது. ரப்பரால் மலையை மட்டும் வெளுக்க வைத்தேன். தென்னை கறுத்தது, மலை தானாகப் பின்னால் போய் நின்றது.