சீலைப் பிளைண்ட் தைக்கிறீர்களா? கயிற்றைத் திட்டாதீர்கள்

போன கிழமை திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி, தான் தைத்த யன்னல் பிளைண்டை, கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே போகிற சீலை மறைப்பை, சுருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, கயிறு சரியில்லை. ஒரு பக்கம் தாழ்ந்துகொண்டே போகுது. மூன்று தரம் கட்டிப் பார்த்திட்டன்." விரித்ததுமே விளங்கிவிட்டது. கயிறு பாவம். ஒரு காலத்தில் நானும் அதைத்தான் திட்டினேன்.

யன்னலை மூன்று இடத்தில் அள, தைக்க முதல் சீலையைத் தோய். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன். வழக்கமாக விடுகிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கடை வெட்டை நம்புவது

கடையில் யார்க்கணக்கில் வெட்டித் தரும் ஓரம், கத்தரி போன போக்கில் போயிருக்கும். நான் வாங்கியது 4 யார் கைத்தறி, மணல் நிறத்தில் நீலக் கோடு. விலையை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. அந்த வெட்டு ஓரத்தையே அடியாக வைத்து மற்ற மூன்று பக்கத்தையும் வரைந்தேன்.

முதல் நாள் அழகாகத்தான் தொங்கியது. மூன்றாம் நாள் இடது மூலை ஒரு விரற்கடை கீழே. கயிற்றை இறுக்கினேன். சுவர்தான் கோணல் என்று நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் தாழ்ந்த பக்கத்தை வெட்டியே விட்டேன். இரண்டு கிழமையில் அதே மூலை திரும்ப இறங்கியது. இந்த முறை வெட்டித் திருத்தச் சீலையும் இல்லை.

பாவு நூல், அதாவது சீலையின் நீளவாட்டு நூல், நேர் கீழாக நின்றால்தான் சீலை பாரம் தாங்கும். நூல் சரிந்திருந்தால் சீலை இழுபட்டுக்கொண்டே போகும். அடியில் கம்பு செருகுகிற பிளைண்டில் சொல்லவே வேண்டாம்.

நேராக வெட்ட, சீலையின் நெய்த கரையில் சின்னதாக வெட்டி, ஊடு நூல் (குறுக்கு நூல்) ஒன்றை விரல்நுனியில் பிடித்து மெல்ல உருவுங்கள். சீலை சுருங்கும்; சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போங்கள். நூல் போன தடம் மயிரிழைபோலத் தெரியும். அதில் வெட்டுங்கள். நூல் அறுந்தால் அறுந்த இடம்வரை வெட்டி, அடுத்ததைப் பிடியுங்கள். அதன் பிறகும் மூலைகள் சரியாக வராவிட்டால், ஈரமாக்கி, குட்டையான மூலைவிட்டத்தில் இரண்டு பேராகப் பிடித்து இழுத்து, மினுக்கிக் காயவிடுங்கள்.

"கோட்டைப் பிடிச்சுத்தானே வெட்டினன் அக்கா?" என்றாள் தங்கச்சி. அவளுடையது நெய்த கோடல்ல, அச்சடித்த கோடு. அச்சு எல்லா நேரமும் நூலோடு போகும் என்றில்லை. போகாத சீலையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இரும்பு வளையம்

கயிறு ஓடுகிற வளையம் இரும்பென்றால் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் வளையம், பித்தளைக் கொளுக்கி போடுங்கள்.

நடுவில் பொருத்து

சீலை 45 அங்குலம், யன்னல் அதைவிட அகலமா? நடுவில் பொருத்தினால் வெயில் படும்போது தையல் கறுப்புக் கோடாகத் தெரியும். முழு அகலத்தை நடுவில் வைத்து, மற்றத் துண்டைப் பிளந்து இரு பக்கமும் சேருங்கள்.

உட்சீலை இல்லாமல்

எங்கள் கரையில் கிழக்கு யன்னலென்றால் கடல்பக்க வெயில் விடியவே உள்ளே வந்துவிடும். பாதி தூக்கிய பிளைண்ட் மடிப்பு மடிப்பாக வெளுக்கும். பின்பக்கம் உட்சீலை (லைனிங்) வைத்துத் தையுங்கள்.

தொங்கும் கயிறு

பிள்ளையின் கழுத்தில் சுற்றும். கயிறு சுற்றும் கொளுக்கியைத் தரையிலிருந்து 1.5 மீற்றருக்கு மேலே அடித்து, ஒவ்வொரு முறையும் முழுக்கச் சுற்றிவிடுங்கள். கட்டிலை யன்னலடியில் போடாதீர்கள்.

தங்கச்சியின் பிளைண்டைப் பிரித்தோம். தலையணை உறை இரண்டு வந்தது. கயிற்றைக் கவனமாகச் சுருட்டித் திரும்பக் கொண்டுபோனாள்.