எல்டன் ஜானை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் இந்த பிரிட்டிஷ் பாடகரின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பை எடுத்து ஓரமாக வையுங்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. 1970-ல் பாடியதும் 1983-ல் பாடியதும் அடுத்தடுத்து வந்தால் மனிதர் எங்கிருந்து எங்கே போனார் என்பது பிடிபடாது.

கேட்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டை எழுதுபவர் பெர்னி டாபின். 1967-ல் ஒரு ரெக்கார்ட் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்து இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க, அங்கே தொடங்கிய கூட்டு இது. தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுக்குத்தான் பாட்டு. இங்கே பாட்டுக்கு மெட்டு. டாபின் எழுதிய தாளைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு இவர் மெட்டுப் போடுவார். அதனால்தான் 'டைனி டான்சர்' பாட்டில் பல்லவி வந்து சேரவே ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் ஆகிறது. அவசரப்படாதீர்கள், அந்தக் காத்திருப்பில்தான் ருசி.

சரி, முதல் ஆல்பம் எது? என் கட்சி, 1970 நவம்பர் 17 அன்று நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் வாசித்து வானொலியில் நேரடியாகப் போன கச்சேரி. அந்தத் தேதிதான் ஆல்பத்தின் பெயரும். மேடையில் மூன்றே பேர்: பியானோவில் எல்டன், பேஸில் டீ முர்ரே, டிரம்ஸில் நைஜல் ஓல்சன். கிடார் கிடையாது. கடைசிப் பாட்டு 'பர்ன் டவுன் த மிஷன்' பதினெட்டு நிமிஷம் ஓடும். அதே பாட்டை 'டம்பிள்வீட் கனெக்‌ஷன்' ஆல்பத்தில் ஆறு நிமிஷத்தில் முடித்திருப்பார். இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள். கண்ணாடி போட்ட கோமாளி என்று நான் வைத்திருந்த எண்ணம் அன்றைக்கே போயிற்று.

அப்புறம் 'ஹாங்கி ஷாட்டோ' (1972), அதன்பின் 'குட்பை யெல்லோ பிரிக் ரோடு' (1973). இரண்டும் பிரான்ஸில் ஒரு பழைய மாளிகையில் பதிவானவை. இரண்டாவது இரட்டை ஆல்பம், பதினேழு பாட்டு. ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் 'பென்னி அண்ட் த ஜெட்ஸ்' கச்சேரியில் பதிவானது என்றே பல வருஷம் நம்பியிருந்தேன். இல்லை, ஸ்டுடியோவில் பாடியதுதான். தயாரிப்பாளர் கஸ் டட்ஜன் கூட்டத்தின் சத்தத்தைப் பிறகு சேர்த்திருக்கிறார்!

அதே ஆல்பத்தின் 'கேண்டில் இன் த விண்ட்' பாட்டை மூன்று விதமாகக் கேட்க வேண்டும். 1973-ன் மூலப்பதிவு. 1986 டிசம்பரில் சிட்னியில் மெல்போர்ன் சிம்ஃபனியோடு பாடியது. தொண்டை கரகரக்கிறது, அடுத்த மாதமே அறுவைச் சிகிச்சை. பிறகு 1997-ல் இளவரசி டயானாவுக்காக டாபின் வரிகளை மாற்றி எழுதியது. நடுவில் உள்ளதுதான் எனக்குப் பிடித்தது. அறுவைக்குப் பின் குரல் தடித்து இறங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு 'சாக்ரிஃபைஸ்' கேளுங்கள். பிரிட்டனில் அவர் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான், அதுவும் 1990-ல்! 1976-ல் பிடித்த முதலிடம் கிகி டீயுடன் பாடிய டூயட்டுக்கு.

எண்பதுகளில் 'டூ லோ ஃபார் ஸீரோ' போதும். மிச்சத்தை ஆசை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக விடைபெறும் சுற்றுப்பயணம்: 2018 செப்டம்பரில் தொடங்கி 2023 ஜூலை 8 அன்று ஸ்டாக்ஹோமில் முடிந்தது. 2022 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் மைதானத்தில் நடந்த கச்சேரியின் வீடியோ இருக்கிறது. 1975-ல் அவர் கூட்டம் கூட்டிய அதே மைதானம். பார்க்கும்போது பியானோவிலிருந்து கண்ணை எடுத்து டிரம்ஸ் பக்கமும் பாருங்கள். காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பவர் அந்த மூவரில் ஒருவரான நைஜல் ஓல்சன்.