பொருநைக் கரையில் ஒரு நாள்: நெல்லையிலிருந்து பாபநாசம் வரை மிதிவண்டியில்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் சொந்தக்காரர் வீடு, கோயில், துணிக்கடை என்று காரிலேயே சுற்றித் திரும்புவதால், பொருநை என்னும் தாமிரபரணியைப் பாலத்தின் மேலிருந்து ஒரு நிமிடம் பார்ப்பதோடு சரி. மிதிவண்டி மிதித்துப் பழகியவர்கள் ஒரு நாளை ஒதுக்கி, திருநெல்வேலியிலிருந்து மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று பாருங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே திசையை முடிவு செய்ய வேண்டும். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். மழை ஓய்ந்து, பிசானப் பருவத்து நெல் வயல்களில் நிற்க, பொதிகை மலை தெளிவாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வருபவர்களுக்கோ மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று நேராக முகத்தில் அறையும் என்பதால், ஊரில் 'குட்டி யானை' என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டியில் மிதிவண்டியை ஏற்றிப் பாபநாசம் சென்று, அங்கிருந்து கிழக்கு நோக்கி இறங்குவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகும். அப்போது இந்தப் பயணம் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மிதிவண்டியில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால், சாலையோரப் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. சேரன்மகாதேவி அருகே டியூப் போனபோது, கடைக்காரர் ஒட்டு போட்டுக் கொடுத்தும் காற்றடிக்க வழியில்லாமல் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். கைப்பம்பு, மாற்று டியூப், வால்வு அடாப்டர் மூன்றும் பையில் இருக்கட்டும். கனடாவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே இடப்பக்கம் செல்ல வேண்டும் என்பதை, குறிப்பாகத் திருப்பங்களில், மறக்கக் கூடாது. எதிரே ஒரு பேருந்து இன்னொன்றை முந்திக்கொண்டு வந்தால், வழிவிடும் என்று காத்திராமல் மண் ஓரத்தில் இறங்கிவிடுங்கள்.

விடிந்ததும் கிளம்பினால் பத்தமடையில் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். ஆற்றங்கரைக் கோரையை இழை இழையாகக் கீறி, நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். 'பட்டுப் பாய்' என்னும் மெல்லிய கோரைப் பாயைத் துணியைப் போல மடிக்கலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். இருபது நிமிடம் அருகில் உட்கார்ந்து பார்த்தேன், பாய் ஒரு விரல் அகலம்கூட வளரவில்லை. அதைப் பார்த்தவர்கள் விலையைப் பேரம் பேச மாட்டார்கள் என்று நம்புகிறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். அது பையில் கனக்காது.

தண்ணீர் இரண்டு போத்தல் வேண்டும், மருந்துக்கடையில் நீரிழப்பை ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், வழியில் இளநீரும் தாராளமாகக் கிடைக்கும். அரைக்கால்சட்டையோடு கோயிலுக்குள் போவது முறையன்று என்பதால் ஒரு வேட்டியோ சுடிதாரோ எடுத்துச் செல்லுங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பாபநாசநாதரைப் பார்க்க விரும்பினால் பதினொரு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். படித்துறையில் பாசி வழுக்கும். ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதை அன்றைய திட்டத்தில் சேர்க்காமல், வெயில் தாழ்ந்தபின் அம்பாசமுத்திரத்திற்குத் திரும்பி, இரவு அங்கே தங்குங்கள்.