ட்ரோ காணும்ன்னா பிள்ளைகள எப்படி விளையாட வைக்கிறது

அண்டர் 12, அண்டர் 14 ஃபுட்போல் டோர்னமென்ட்ல கடைசி குரூப் மெட்ச்சுக்கு முந்தி டச்லைன்ல எப்பவும் இந்தக் கேள்வி வரும், "சேர், அடுத்த ரவுண்டுக்கு போக ட்ரோ எடுத்தா, சமனா முடிச்சா காணும்தானே?" காணும்தான். ட்ரோவுக்கு விளையாடுறது களவு இல்ல, ரூல்ல அதுக்கு தடையும் இல்ல. ஆனா எதிர் டீம மறிச்சு நின்னு ட்ரோ எடுக்குறது வேற, எதிர் டீமோட சேந்து ட்ரோ எடுக்குறது வேற. முதலாவது ஃபுட்போல். மத்தது பக்கத்து கிரவுண்ட்ல ஓடிட்டு இருக்கிற, அதே குரூப் மூணாவது டீம் பிள்ளைகளுக்கு செய்யுற அநியாயம். கோச் ஆனாலும் சரி அப்பா அம்மா ஆனாலும் சரி, இந்த ரெண்டையும் குழப்பாம இருந்தா பாதி வேல முடிஞ்சுது.

முதல்ல ரூல்ஸ் பேப்பர வாங்கி வாசிங்க. நிறைய பேர் மெட்ச் டைம மட்டும் ஃபோட்டோ புடிச்சு வட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு விட்டுடுவாங்க. பொயின்ட்ஸ் சமனா வந்தா முதல்ல கோல் டிஃபரன்ஸா (அடிச்ச கோல்ல வாங்கின கோல கழிச்சது), இல்ல அந்த ரெண்டு டீமும் விளையாடின மெட்ச்சா, அது தெரியாம ட்ரோ காணும்னு சொல்ல ஏலாது. உதாரணத்துக்கு நாலு டீம் குரூப், ரெண்டு டீம் அடுத்த ரவுண்டுக்கு போகும்னு வைங்க. வெண்டா 3 பொயின்ட், ட்ரோன்னா 1. ரெண்டு மெட்ச் முடிய உங்களுக்கு 4, இப்ப உங்களோட விளையாடப் போற டீமுக்கு 6, மத்த ரெண்டு டீமுக்கும் 1, 0. ட்ரோ ஆனா நீங்க 5, அவங்க 7, ரெண்டு பேரும் உள்ள, அவங்களுக்கு முதலிடமும் கிடைக்கும். தோத்தீங்கன்னா 4லயே நிப்பீங்க, அந்த 1 பொயின்ட் டீம் வெண்டா அவங்களும் 4, பிறகு கோல் கணக்குதான். அதாவது ரெண்டு பேருக்குமே ட்ரோ இனிக்கும், அடி விழுறது அந்த 1 பொயின்ட் டீமுக்கு. இப்படி ஒரு நிலமைன்னா மெட்ச்சுக்கு முந்தியே நீங்க உஷாரா இருக்கணும்.

ஏன்னா அப்பதான் எதிர் கோச் ப்ளேன்டீ கப்போட மெதுவா வருவார், "மச்சான், ரெண்டு பேருக்கும் காணும்தானே, பிள்ளைகளும் வெயில்ல களைச்சு போயிருக்காங்க, சும்மா பாஸ் பண்ணி முடிப்பமே". சண்ட புடிக்க தேவல்ல. "இல்ல சேர், நாங்க விளையாடுறோம்"னு சொல்லிட்டு வந்துடுங்க, ஆனா பாப்போம்னு சிரிச்சு மழுப்ப வேணாம், அத அவர் ஓம்னு எடுத்துக்குவார். பிள்ளைகள்ட்ட இத சொல்லவே வேணாம். திரும்பவும் வந்து கேட்டா ஓர்கனைசர் காதுல போட்டு வைங்க.

இனி விளையாட்டு. செவன்-எ-சைட்ல, அதாவது டீமுக்கு ஏழு பேர் விளையாடுறதுல, பத்து பதினஞ்சு நிமிஷ ஹாஃப்தான், அதுல விசில் அடிச்ச நேரத்துலேர்ந்து பின்னுக்கு நின்னா கட்டாயம் கோல் விழும். 12 வயசு பிள்ளைக்கு முழு மெட்ச்சும் டிஃபென்ஸ் பண்ணுற பொறும வராது, பெரிய ஆக்களுக்கே வராது. அதனால முதல் ஹாஃப் வழமையா வெல்ல விளையாடுங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல சமனா நின்னா மட்டும் ஒரு ஃபோர்வர்ட நடுவுக்கு எடுங்க, ஆனா ஒருத்தன் மேல நிக்கணும், இல்லாட்டி கிளியர் பண்ணுற ஒவ்வொரு பந்தும் திரும்பி உங்க பெட்டிக்குள்ளதான் வரும். பந்து கிடைச்சா சைட்டால கொண்டு போய் அவங்கட கோர்னர் பக்கம் வச்சிருக்க பழக்குங்க, அது சுத்தமான விளையாட்டு. அடிபடாம விழுந்து கிடக்குறது, த்ரோ-இன் பந்த தூக்கிட்டு அங்கால போறது, மாத்தி எடுக்கிற நேரம் ஊர்வலம் மாதிரி நடக்குறது, இதெல்லாம் வேணாம். ரெஃப்ரி அந்த நேரத்த கடைசில கூட்டலாம், யெல்லோ கார்டும் காட்டலாம். கோல்கீப்பருக்கும் சொல்லி வைங்க, 2025லேர்ந்து பந்த கையில 8 செக்கனுக்கு மேல வச்சிருந்தா எதிர் டீமுக்கு கோர்னர்.

பிள்ளைகள்ட்ட "ட்ரோவுக்கு விளையாடுங்க"ன்னு சொன்னா அவங்க கால் கட்டுப்பட்டு போயிடும். "கோல் விட வேணாம், பந்து நம்மட்ட இருக்கட்டும், சான்ஸ் வந்தா அடி" இது காணும். கடைசி மூணு சொல்லு முக்கியம். கோலுக்கு முன்னால தனிய நிக்கிற பிள்ளைய அடிக்க வேணாம்னு கத்துற நிலம வந்துட்டா, நீங்க இப்ப எதிர் டீமோட சேந்துதான் விளையாடுறீங்க. அண்டர் 10க்கு இந்த கணக்கே வேணாம்ங்கிறது என்ட அபிப்பிராயம், அந்த வயசுல கோல் அடிக்கத்தான் கிரவுண்டுக்கு வாறாங்க.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ரெண்டு பழைய மெட்ச்ச பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டலாம். 1982 உலகக் கிண்ணம், ஸ்பெயின்ல கிகோன், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். ஜெர்மனி ஒரு கோலால வெண்டா ரெண்டும் அடுத்த ரவுண்டுக்கு போகும், அல்ஜீரியா வெளிய, அதுவும் அல்ஜீரியா முதல் நாளே மெட்ச் முடிச்சிட்டு பாத்துட்டு இருக்கு. பத்து நிமிஷம் போல போக ஜெர்மனி ஒரு கோல் அடிச்சுது, பிறகு மிச்ச நேரம் பூரா பெரும்பாலும் சும்மா பந்து தட்டினாங்க, பாக்க வந்த சனம் விசிலடிச்சு லேஞ்சிய ஆட்டிச்சு. ரூல் ஒன்னும் மீறலன்னு ஃபிஃபா அல்ஜீரியாட முறைப்பாட்ட எடுக்கல, ஆனா அதுக்கு பிறகு கடைசி குரூப் மெட்ச் ரெண்டையும் ஒரே நேரத்துல வைக்க தொடங்கினாங்க. மத்தது யூரோ 2004, ஐரோப்பிய நாடுகளோட கிண்ணம், டென்மார்க் சுவீடன் 2-2. அந்த ஸ்கோர் வந்தா ரெண்டும் உள்ள, இத்தாலி வெளியன்னு முதலே எல்லாருக்கும் தெரியும், கடைசி நேரத்துல சுவீடன் சமன் பண்ணினதும் இத்தாலிக்காரங்களுக்கு சரியான கோபம். ஆனா மெட்ச்ச பாருங்க, கோலுக்கு அடிச்சாங்க, ஓடினாங்க. ஸ்கோர மட்டும் பாத்து ஒருத்தர கள்ளன்னு சொல்லக் கூடாதுங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது.

உங்க டீம்தான் அந்த மூணாவது டீம்னா, பக்கத்து கிரவுண்ட் ஸ்கோர பிள்ளைகளுக்கு கத்தி சொல்ல வேணாம், வெல்லுறது மட்டும்தான் அவங்கட கையில இருக்கு. சந்தேகம் வந்தா மெட்ச் முடிய கோச் ஒருத்தர் மட்டும் ஓர்கனைசர்ட்ட போய் கதைக்கட்டும். அப்பாமார் ஃபென்ஸ்ல தொங்கி எதிர் டீம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏசுறத பாக்கவே வெக்கம்.

ஓர்கனைஸ் பண்ணுறவங்களுக்கும் ஒரு வார்த்த. கொழும்புல கிரவுண்ட் கிடைக்கிறதே பெரும்பாடு, ரேஸ்கோர்ஸோ கொம்பனித்தெரு சிட்டி லீக் கிரவுண்டோ எதுவா இருந்தாலும் எடுத்த நேரத்துக்குள்ள முடிக்கணும், விளங்குது. ஆனா சின்னவங்களுக்கு ஒரு பெரிய கிரவுண்ட குறுக்கால ரெண்டா பிரிக்கலாம்தானே, கடைசி குரூப் மெட்ச் ரெண்டையும் ஒரே விசில்ல தொடங்குங்க. மூணு டீம் குரூப் வைக்காதீங்க, கடைசி மெட்ச்ல ஒரு டீம் சும்மா உக்காந்து பாக்க வேண்டி வரும். 2026 உலகக் கிண்ணத்துக்கு ஃபிஃபாவே முதல்ல மூணு மூணா 16 குரூப்னு முடிவெடுத்துட்டு, 2023ல அத நாலு நாலா 12 குரூப்பா மாத்திச்சு, ரெண்டு டீம் சேந்து கணக்கு பாக்குற ஆபத்தும் அதுக்கு ஒரு காரணம். எல்லாமே சமனா வந்தா காசு சுண்டுறதுக்கு முந்தி யெல்லோ, ரெட் கார்ட் கணக்கு பாருங்க, 2018 உலகக் கிண்ணத்துல ஜப்பான் செனகல தாண்டி போனது யெல்லோ குறவா இருந்ததாலதான். ஆனா அந்த ஜப்பானே போலந்துட்ட 1-0 தோத்துட்டு இருக்கேக்க, கார்ட் கணக்குல போகலாம்னு கடைசி பத்து நிமிஷம் போல சும்மா பாஸ் பண்ணி நின்னுச்சு, அதனால கார்ட் கணக்கு எல்லாத்தையும் தீக்கும்னு நம்ப வேணாம். யெல்லோவுக்கு எத்தன கழியும், ரெட்டுக்கு எத்தன கழியும்னு முதல் நாளே பேப்பர்ல போட்டு எல்லா கோச்மாருக்கும் அனுப்பிடுங்க, பின்னேரம் ஸ்கோர் மேசைய சுத்தி அப்பாமார் கூடுறது கொஞ்சமாவது குறையும்.